போரே கப்பலில் இரண்டு இரவு

படுத்ததும் என் கை தானாகச் சுவரைத் தொட்டது. முப்பது வருஷம் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவனுக்கு அது பழக்கம். உள்ளங்கையைத் தகட்டில் வைத்தால் போதும், மெயின் எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது, ஜெனரேட்டர் சரியாக இருக்கிறதா என்று அரைத்தூக்கத்திலேயே தெரிந்துவிடும். இங்கே சுவர் அசையாமல் இருந்தது. மெல்லிய அதிர்வுகூட இல்லை. எதிர்ப் படுக்கையிலிருந்து என் மனைவி, "என்னங்க, எங்கேயும் போகாத கப்பல்ங்க இது. தூங்குங்க" என்றாள்.

ஃபின்லாந்தின் துர்க்கு நகரில், ஆரா ஆற்றங்கரையில் கட்டி நிறுத்தியிருக்கும் எஸ்.எஸ். போரே கப்பலில் தங்கியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது அது ஹாஸ்டல். பெயர் லாய்வாஹாஸ்டல் போரெயா. லாய்வா என்றால் ஃபின்னிஷ் மொழியில் கப்பல். மகள் துர்க்குவில் வேலை பார்க்கிறாள். அவள் இருப்பது ஒற்றை அறை வீடு. நாங்கள் இரண்டு பேரும் போய் இறங்கினால் இடம் போதாது. "அப்பா, உங்களுக்குக் கப்பல்லயே ரூம் போட்டுட்டேன்" என்று போனில் சொன்னாள். சொன்ன நாளிலிருந்தே அந்தக் கப்பலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கேபினிலிருந்து தொடங்குகிறேன். சின்னது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் ஒருவர் கதவோரம் ஒதுங்க வேண்டும். குளியலும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கின்றன, குளிப்பதற்குள் தரை முழுக்க ஈரமாகிவிடும் அளவில். பெரிய பெட்டியோடு வருபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், கப்பல் படிக்கட்டு செங்குத்தாகத்தான் இருக்கும். 1960-ல் ஒரே ஒரு இரவுப் பயணத்துக்காகக் கட்டிய கேபின் இது. சாயங்காலம் ஏறிக் காலையில் இறங்கப்போகிறவருக்கு ஒரு படுக்கையும் கோட்டு மாட்ட ஒரு கொக்கியும் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை மாற்றாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்தது.

வட்ட ஜன்னலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அதை இறுக்கி மூடும் திருகுகளின் ஓரங்கள் மழுங்கிப்போய், சவ்வுமிட்டாய் போல உருண்டிருந்தன. தேய்மானத்தால் அப்படி ஆகவில்லை. பெயின்ட் மேல் பெயின்ட், அதன் மேல் இன்னொரு பெயின்ட். ஒரு இடத்தில் பொரிந்து விழுந்த சில்லில் அடுக்கடுக்காக வெள்ளையும் பழுப்பும் தெரிந்தன. கப்பல் கைமாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் தூரிகையோடு வந்து நின்றிருக்கிறார். வாசற்படியில் கால் தடுக்கும் உயரத்துக்கு இரும்பு விளிம்பு, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க. கல்யாணமான புதிதில் ஆறு மாதம் என்னோடு கப்பலில் வந்தவள் என் மனைவி. அந்த விளிம்பைக் குனிந்து பார்க்காமலே காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். அவளுக்கும் மறக்கவில்லை.

சரி, இந்தக் கப்பலைக் கட்டியது யார்? போரே நீராவிக் கப்பல் கம்பெனி 1897-ல் துர்க்குவில் தொடங்கியது. ஃபின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசரின் கீழிருந்த ஒரு சிற்றரசு. போரே என்பது வடக்குக் காற்றின் கிரேக்கத் தெய்வமான போரியாஸிலிருந்து வந்த பெயர். பால்டிக் கடலில் உப்பு குறைவு. சாதாரணக் கடல்நீரில் இருக்கும் உப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்தப் பக்கத்தில் கிடையாது. அதனால் குளிர்காலத்தில் எளிதாக உறைந்துவிடும். இங்கே கப்பல் கம்பெனி நடத்துவது என்றால் வருஷத்தில் பாதி பனிக்கட்டியோடு மல்லுக்கட்டுவதுதான். அப்படிப்பட்ட தொழிலுக்கு வடக்குக் காற்றின் பெயரை வைத்தவர்களுக்கு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு முன்பே பெரிய ஆள் ஒருவர் களத்தில் இருந்தார். 1883-ல் தொடங்கிய ஃபின்லாந்து நீராவிக் கப்பல் கம்பெனி. ஹாங்கோ துறைமுகத்திலிருந்து வெண்ணெயையும், அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஃபின்லாந்துக்காரர்களையும் இங்கிலாந்தின் ஹல் நகருக்குக் கொண்டுபோனது அது. போரே அதோடு மோதி அழியவில்லை. 1904-ல் ஸ்வீடன் பயணத்தைச் சேர்ந்து நடத்த ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் 1909-ல் முறிந்தது, மறுவருஷமே மறுபடியும் ஒட்டியது. 1918-ல் ஸ்டாக்ஹோமின் ஸ்வியா கம்பெனியும் சேர்ந்தது. மூவரில் சின்னவர் போரேதான். மூன்று கம்பெனி, ஒரே கடல் வழி, வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்டு அறுபது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். கூட்டு வியாபாரம் இத்தனை நாள் நிலைப்பது எவ்வளவு அபூர்வம் என்று தொழில் செய்தவர்களுக்குத் தெரியும்.

1926-ல் துர்க்குவின் புகையிலைக் குடும்பமான ரெட்டிக் குடும்பத்தின் கைக்குக் கம்பெனி வந்தது. மறுநாள் மகள் எங்களை அழைத்துப்போன அருங்காட்சியகம் அந்தக் குடும்பத்தின் மாளிகைதான் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. ஆபோவா வெத்துஸ் என்று பெயர். மாளிகைக்கு அடியில் தோண்டியபோது மத்தியகாலத் துர்க்குவின் தெருக்களும் வீட்டுச் சுவர்களும் வெளிப்பட்டன. கண்ணாடித் தரை வழியாகவும் நடைபாதை வழியாகவும் இறங்கிப் பார்க்கலாம். போரேயில் தங்குபவர்கள் அங்கேயும் ஒரு எட்டுப் போய்வாருங்கள். கப்பல் முதலாளி எங்கே உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார் என்று ஒரு உருவம் மனதுக்குள் வரும்.

இனி கப்பலுக்கு வருகிறேன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்காக மூன்று கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே அச்சில் ஆளுக்கொரு நீராவிக் கப்பல் ஆர்டர் செய்தன. ஃபின்லாந்து கம்பெனிக்கு ஆல்லோதர், போரேக்கு போரே 3, ஸ்வியாவுக்கு பிர்கர் யார்ல். இதில் பிர்கர் யார்ல் கையில் கிடைத்தது 1953-ல், ஒலிம்பிக்ஸ் முடிந்த பிறகு. ஒலிம்பிக்ஸ் நடந்து எட்டு வருஷம் கழித்து, 1960-ல், ஸ்வீடனின் ஆஸ்கர்ஸ்ஹாம்ன் கப்பல் கட்டும் தளத்திலிருந்து போரே தன் கம்பெனியின் பெயரையே வைத்து இந்தக் கப்பலை இறக்கியது. வட ஐரோப்பிய நாடுகளில் கட்டிய பயணிகள் நீராவிக் கப்பல்களில் இதுதான் கடைசி.

1960-ல் எதற்கு நீராவி? எல்லாரும் டீசலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்தக் கேள்வியோடுதான் நான் ஏறினேன். நான் பயிற்சி எஞ்சினியராக முதலில் ஏறியது ஒரு நீராவி டர்பைன் டாங்கரில். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. டீசல் கப்பலில் மேசை மேல் வைத்த கரண்டி நடுங்கும். நீராவிக் கப்பலில் தேநீர்க் கோப்பையில் வளையம்கூட எழாது. இரவு முழுக்கத் தூங்கப்போகிற பயணிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரே தூரத்துக்கு நீராவி எண்ணெயை அதிகமாகக் குடிக்கும். பாய்லரை மூட்டி அழுத்தம் ஏற்ற மணிக்கணக்காகும். கவனிக்க ஆட்களும் அதிகம் வேண்டும். போரே பயணியின் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்தது என்று நான் நினைக்கிறேன். எஞ்சினியராக என் மனம் அந்தப் பக்கம்தான் சாயும்.

அதே கப்பலில் கார் ஏற்றவும் இடம் வைத்தார்கள். இதை நினைத்து நெடுநேரம் டெக்கில் நின்றேன். பழைய பாணிப் பயணிகள் கப்பலின் வயிற்றுக்குள் புதுக் காலத்தின் கார். ஃபின்லாந்தில் சொந்தக் கார் இறக்குமதிக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1962-ல்தான் நீங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே போரே கார்களைக் கணக்கில் எடுத்திருக்கிறது. ஆனால் அரை மனதாக எடுத்திருக்கிறது. முழு மனதாக எடுத்தது யார் தெரியுமா? போரேயும் மற்ற இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து 1957-ல் பெற்ற பிள்ளை, சில்யா கம்பெனி. அது 1961-ல் ஸ்காண்டியா என்ற கப்பலை இறக்கியது. வட பால்டிக்கில் கார்களுக்கென்றே கட்டிய முதல் ஃபெரி. காரை நேரே உள்ளே ஓட்டிப் போகலாம், அப்படியே வெளியே ஓட்டி வரலாம். போரே என்ற அழகான நீராவிக் கப்பல் வேலைக்கு வந்த மறுவருஷமே அதைப் பழையதாக்கிய கப்பலில் போரேக்கும் பங்கு இருந்தது. ஒரு சின்னக் கம்பெனி தன் ஒரு கையால் பழையதைச் செவ்வனே முடித்துக்கொண்டு, மறு கையால் புதியதைத் தொடங்கியது. இரண்டுமே சரியான முடிவுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்தக் கப்பல்களில் யார் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1954 முதல் வட ஐரோப்பிய நாடுகளுக்குள் யாரும் எங்கேயும் வேலைக்குப் போகலாம் என்று ஆனது. பாஸ்போர்ட்டும் தேவையில்லை. ஃபின்லாந்தின் கிராமங்களிலிருந்து ஸ்வீடன் தொழிற்சாலைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1969, 1970 ஆகிய இரண்டே வருஷங்களில் ஏறக்குறைய 80,000 பேர். அவர்களில் எத்தனையோ பேர் இந்த மாதிரிக் கேபினில் ஒரு இரவு படுத்திருப்பார்கள், அல்லது கேபினுக்குக் காசில்லாமல் டெக் நாற்காலியில் உட்கார்ந்தே விடியலைப் பார்த்திருப்பார்கள். நானும் பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவன். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்காரும் அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.

பிற்பாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977-ல் கப்பல் யாகோப் லைன்ஸ் என்ற கம்பெனிக்குப் போய் போரெயா ஆனது. ஹாஸ்டலின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1980-ல் போரே பயணிகள் தொழிலையே விட்டு, சரக்குக் கப்பலோடு நின்றுகொண்டது. 1987-ல் கொட்கா நகரத்துக் குடும்பக் கம்பெனி ஒன்று இந்தக் கப்பலை வாங்கி, நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் போட்டு, கிறிஸ்டினா ரெஜினா என்று பெயர் மாற்றி, சுற்றுலாக் கப்பலாக ஓட்டியது. ஆக, எஸ்.எஸ். என்று பெயரில் இருந்தாலும் உள்ளே நீராவி எஞ்சின் கிடையாது. நீராவி பார்க்கத்தான் வருகிறேன் என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஓடுகிற நீராவி எஞ்சினைப் பார்க்க அதே ஆற்றில் இன்னொரு கப்பல் இருக்கிறது, உக்கோபெக்கா. 1938-ல் கட்டியது. கோடையில் நான்தாலி ஊருக்குப் போய்வருகிறது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் கிராங்க் சுற்றுவதும் எண்ணெய் பளபளப்பதும் தெரியும். கீழேயிருந்து வந்த சூடான எண்ணெய் வாசனையில் நான் அங்கேயே நின்றுவிட்டேன். மனைவி வெளியே தீவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததும் பார்க்க வேண்டியதுதான், நான் அதைத் திரும்பி வரும்போது பார்த்தேன்.

போரேயில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பொதுக் கூடங்கள். மரப் பலகை பதித்த சுவர், மரக் கைப்பிடி. கைப்பிடியின் வளைவில் ஒரு சாண் நீளத்துக்கு வார்னிஷ் போய், மரம் வழுவழுவென்று இருந்தது. படியில் திரும்பும்போது எல்லாருடைய கையும் அந்த ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். என் கையும் அங்கேதான் போய் நின்றது. இதில் தொழில்காரன் மட்டும் கவனிக்கும் ஒரு விஷயம் உண்டு. சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, தீப்பற்றக்கூடிய பொருளால் உள்வேலை செய்த பழைய பயணிகள் கப்பல்கள் 2010 அக்டோபருக்குப் பிறகு ஓட முடியாது. ஐம்பது வயதில் இந்தக் கப்பல் ஓட்டத்தை நிறுத்தியது அதனால்தான். இங்கே தங்குபவர்கள் ஆசையாகத் தடவிப் பார்க்கும் இந்த மரமே கப்பலைக் கரையில் கட்டியது. அந்த விதி சரியான விதி. கப்பலில் தீ என்றால் என்ன என்று பார்த்தவன் சொல்கிறேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மரத்தைப் பிய்த்தெறிந்து தகரம் அடித்து ஓட்டுவதற்குப் பதிலாக, மரத்தோடேயே கரையில் வைத்துக் காப்பாற்றினார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

காலை உணவு சேர்த்துத்தான் எடுத்திருந்தோம். கம்பு ரொட்டி மாதிரி கறுப்பாக, புளிப்பாக இருக்கும் ரை ரொட்டி, கஞ்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, காப்பி. மெல்லிய ரை மாவு ஓட்டுக்குள் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரம் ஒன்றும் இருந்தது. அதன் மேல் வேகவைத்த முட்டையை வெண்ணெயில் மசித்துத் தடவிச் சாப்பிட வேண்டும். என் மனைவி மூன்று சாப்பிட்டாள். காப்பி இந்த நாட்டில் எங்கேயும் வெளிர் நிறமாகத்தான் இருக்கிறது, நிறையக் குடிக்கிறார்கள். கட்டணம் நகர நடுவில் ஹோட்டல்கள் கேட்டதைவிடக் கணிசமாகக் குறைவு. நகர மையம் ஆற்றோரமாகவே அரை மணி நடை, முடியாதவர்களுக்கு பஸ் இருக்கிறது. வழியில் ஃபோரி என்ற சின்னப் படகில் அக்கரைக்குக் காசில்லாமல் போகலாம். 1904 முதல் ஓடுகிறது. முதலில் அதுவும் நீராவி, இப்போது பாட்டரியில் ஓடுகிறது. போரேயும் பெரிய கம்பெனியும் முதல் ஒப்பந்தம் போட்ட வருஷமும் 1904 தானே என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அப்பா, நீங்க இன்னும் கப்பலை விட்டு இறங்கவே இல்லை" என்றாள்.

அறை எடுக்கும்போது வெளிப்பக்கக் கேபினாகக் கேளுங்கள். உள்பக்கக் கேபின்களில் ஜன்னல் கிடையாது. சிலருக்கு அந்த இருட்டு ஒத்துக்கொள்ளும், குறிப்பாக ஜூன் மாதத்தில். நாங்கள் போனது ஜூன் நடுவில், இரவு பதினொரு மணிக்கும் வானம் வெளுத்தே கிடந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளக் கேபினா மேல்தளமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து நட்சத்திர வசதி தேடுபவர்களுக்கு இது பொருந்தாது. கப்பலைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கும், குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் துர்க்குவில் எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே கடல் அருங்காட்சியகம். 1902-ல் கட்டிய சுவோமென் யொவுத்சென் என்ற, மூன்று பாய்மரம் கொண்ட கப்பலும் அங்கேதான் நிற்கிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் நானும் மனைவியும் கோட்டை வழியாகத் துறைமுகம் வரை நடந்தோம். இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஸ்டாக்ஹோம் கப்பல் கிளம்பும். அன்று நின்றது வைக்கிங் கிரேஸ். 218 மீட்டர் நீளம், இதே துர்க்குவில் கட்டியது, 2013 முதல் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. போரே அதில் பாதி நீளம்கூட இல்லை. வைக்கிங் கம்பெனியின் ஆரம்பமும் ஒரு பழைய நீராவிக் கப்பல்தான். இங்கிலீஷ் கால்வாயில் ஓடிய ஃபெரி ஒன்றை வாங்கி, 1959-ல் ஆலாண்ட் தீவு வழியாக ஸ்வீடனுக்கு ஓட்டத் தொடங்கினார்கள். இன்றும் எல்லாக் கப்பலும் ஆலாண்டில் சில நிமிடமாவது ஒதுங்கிவிட்டுப் போகும். 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லா விற்பனை நின்றபோது ஆலாண்டுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அந்த விலக்கில்தான் இந்தத் தொழில் பிழைக்கிறது.

கயிறுகளை அவிழ்த்தார்கள். இவ்வளவு பெரிய உருவம் ஒரு சத்தமும் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து, தீவுகளின் பக்கம் மூக்கைத் திருப்பியது. போரே போன அதே வழி. கண்ணுக்குத் தெரியும்வரை நின்று பார்த்தோம்.

திரும்பி வந்து கேங்வேயில் ஏறும்போது போரேயின் கயிறுகளைக் கவனித்தேன். பால்டிக்கில் ஓதம் கிடையாது என்றே சொல்லலாம், அதனால் கயிறு தளர்வதும் இல்லை, விறைப்பதும் இல்லை, ஒரே இழுப்பில் கிடக்கிறது. ஒன்றில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அடுத்த கோடைக்கும் இதே கேபின் கிடைக்குமா என்று வரவேற்பில் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.